0.02 வினாடி எவ்வளவு தூரம்?

மாணவர்களே, உங்கள் 30 சென்டிமீட்டர் அடிக்கோலை எடுங்கள். ஒரு தாளில் 19 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். மலேசியாவின் 200 மீட்டர் ஓட்டத் தேசியச் சாதனை ஒன்று 49 ஆண்டுகளுக்குப் பிறகு முறியடிக்கப்பட்டது ஏறக்குறைய இவ்வளவு இடைவெளியில்தான்.

அந்தச் சாதனைக்கு உரியவர் டாக்டர் எம். ஜெகதீசன். 1943-இல் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவைப் பிரதிநிதித்தபோது அவருக்கு வயது 16. உங்களில் படிவம் நான்கு மாணவர்களின் வயதுதான்! 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கங்கள். இவற்றுக்கிடையே சிங்கப்பூரில் மருத்துவமும் படித்தார். அதனால்தான் ‘பறக்கும் டாக்டர்’ என்ற பட்டப்பெயர் கிடைத்தது. பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சித் துறையில் உயர்பதவி வகித்தார்.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். 2017-இல் நம் மலாக்காவில் பிறந்த கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதே தூரத்தை 20.90 வினாடியில் ஓடி, அந்தச் சாதனையை முறியடித்தார். வித்தியாசம் 0.02 வினாடி.

கணக்கைப் பார்ப்போம். 200-ஐ 20.92-ஆல் வகுத்தால் சராசரி வேகம் வினாடிக்கு 9.56 மீட்டர். இதை 0.02-ஆல் பெருக்கினால் 0.19 மீட்டர், அதாவது 19 சென்டிமீட்டர்.

அப்படியானால், இருவரில் உண்மையில் வேகமானவர் யார்? இரண்டு எண்களை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியுமா? எண்ணுக்குப் பின்னால் உள்ள அறிவியலையும் பார்க்க வேண்டும்.

காற்று

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடலோர மலாக்காவில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்தால் ஓடுபவரைத் தடுக்கும் காற்றுத்தடையும் குறையும். 200 மீட்டரில் இதனால் பத்தில் ஒரு வினாடியாவது மிச்சமாகலாம்.

ஆக்சிஜன் குறைவது ஓட்டத்தைப் பாதிக்காதா? நெடுந்தூர ஓட்டக்காரரைக் கடுமையாகப் பாதிக்கும். விரைவோட்டமோ இருபது வினாடியில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தசைகள் பெரும்பாலும் ஏற்கெனவே சேமித்துவைத்த ஆற்றலைத்தான் பயன்படுத்துகின்றன.

முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்றும் உதவும். அது வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் சாதனை ஏற்கப்படாது.

தளம்

1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடுகளம் சாம்பல் துகள்கள் பரப்பியது. காலை ஊன்றி உதைக்கும்போது துகள்கள் நழுவி, ஆற்றலில் கொஞ்சம் வீணாகும். 1968-இல்தான் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளம் வந்தது. ஜெகதீசன் இரண்டு தளங்களிலும் ஓடியவர். பிற்காலத்து வீரர்களோ சிறு வயது முதலே செயற்கைத் தளத்தில் பயிற்சி பெற முடிகிறது.

வளைவு

200 மீட்டரில் பாதிக்கு மேல் வளைவில் ஓட வேண்டும். வளைவில் ஓட மையநோக்கு விசை தேவை. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். முதல் தடத்தின் ஆரம் சுமார் 36.5 மீட்டர். வினாடிக்கு 9.56 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் தம் எடையில் கால் பங்குக்குச் சமமான விசையைப் பக்கவாட்டில் செலுத்த வேண்டும். எட்டாம் தடத்தின் ஆரம் சுமார் 45 மீட்டர்; அங்கே ஐந்தில் ஒரு பங்கு போதும். தடம் மாறினாலே உழைப்பும் மாறுகிறது, பார்த்தீர்களா?

கடிகாரம்

மேலே சொன்ன 20.92, 20.90 இரண்டும் மின்னியல் கருவி பதிவு செய்தவை. நம் பள்ளித் திடலில் ஆசிரியர் கையில் இருப்பது ஸ்டாப்வாட்ச். துப்பாக்கிப் புகையைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் சிறிது நேரம் போய்விடும். ஓட்டம் முடியும்போதோ, வீரர் வருவதைப் பார்த்துத் தயாராகவே அழுத்துகிறோம். ஆகவே கைக்கடிகாரம் உண்மையைவிடக் குறைந்த நேரத்தைக் காட்டும். 200 மீட்டருக்கு 0.24 வினாடியைக் கூட்டி ஒப்பிடுவது வழக்கம். ஜெகதீசனுக்கும் கைருலுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் போல இது பன்னிரண்டு மடங்கு!

செய்து பாருங்கள்

நண்பர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். பூச்சியம் கீழே, உங்கள் விரல்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 15 செ.மீ.-இல் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.17 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20, 25 செ.மீ. என்றால் 0.23. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். சாதனைப் பட்டியலில் 20.90 முந்தியது, அதில் ஐயமில்லை. காற்று ஜெகதீசனுக்கு உதவியது. காலம் கைருலுக்கு உதவியது. யார் வேகமானவர் என்பதை 19 சென்டிமீட்டரை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இது உங்களுக்கும் பொருந்தும். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு தோட்டத்துப் புல்திடலில் ஓடுகிறீர்கள். மாவட்டப் போட்டிக்கான தேர்வில் 0.1 வினாடி பின்தங்கியதாகக் கடிகாரம் காட்டுகிறது. உடனே சோர்ந்துவிடாதீர்கள். கடிகாரத்தை அழுத்தியவர் யார், எந்தத் தளம், எந்தத் தடம், காற்று எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே தடத்தில், அதே ஆள் கடிகாரம் பிடிக்க, மீண்டும் ஓடுங்கள். நீங்கள் முன்னேறினீர்களா இல்லையா என்பதை அந்த ஒப்பீடுதான் சொல்லும்.

சிந்திக்க: உசேன் போல்ட் 2009-இல் 200 மீட்டரை 19.19 வினாடியில் ஓடினார். அவருடைய சராசரி வேகம் என்ன? அதே வேகத்தில் முதல் தடத்தின் வளைவில் ஓடினால் மையநோக்கு முடுக்கம் எவ்வளவு? (விடை: வினாடிக்கு 10.42 மீட்டர், சுமார் 3 மீ/வி².)