இட்டிலி விலையும் குறைந்தபட்சக் கூலியும்

நம் பல்கலைக்கழகத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றுண்டிச்சாலையில் சென்ற திங்கள் ஒரு பலகை தொங்கக் கண்டேன். "தொழிலாளர் கூலி உயர்ந்துவிட்டபடியால் விலைகளைச் சிறிது உயர்த்தியுள்ளோம்" என்று அதில் எழுதியிருந்தது. உடனிருந்த நண்பர், "கூலிக்காரனுக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது, நாம் பட்டினி கிடக்க வேண்டியதுதான்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. என் அண்ணனே அத்தகைய கூலிக்காரர்களுள் ஒருவர்.

எங்கள் ஊர் மாரிகுப்பம். கோலார் தங்கவயலில் இருப்புப்பாதை முடிகின்ற இடம். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பின் பிறந்தவன் நான். ஆகையால் தங்கத்தை நான் கண்டதில்லை. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகளையே கண்டு வளர்ந்தேன். (வேதியியல் படிக்க வந்தமைக்கும் அம்மேடுகளே காரணம் என்று நண்பர்கள் கேலி செய்வர்.) இன்று எங்கள் ஊரின் தொழில் யாது என்று கேட்டால், இரயில் ஏறுவது என்றே சொல்வேன். அண்ணனும் விடியுமுன் இரயில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் சப்ளையராக வேலை பார்த்து, இரவு வீடு திரும்புகிறார்.

பலகைச் செய்தியை அன்றிரவே அண்ணனிடம் தொலைபேசியில் கூறினேன். அவர் சிரித்தார். "எங்கள் கடையிலும் அதே பலகைதான், தம்பி. விலை ஏறிற்று; என் சம்பளம் ஏறவில்லை" என்றார்.

அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. பொருளாதாரம் நான் கற்ற பாடமன்று. எனினும், ஒன்று மாறியதால்தான் மற்றொன்று மாறியதா என்று கேட்பது அறிவியல் மாணவனின் வேலையன்றோ? ஆகவே நூலகத்தில் சில நாள் அமர்ந்தேன்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நம் நாட்டில் 1948இல் இயற்றப்பட்டது. அரிசி ஆலை, புகையிலை, தேயிலைத் தோட்டம், தோல் பதனிடுதல் ஆகியன அதன் முதல் அட்டவணையில் இருந்தன. உணவு விடுதி இல்லை. மாநில அரசுகளே அதனைப் பின்னர்ச் சேர்த்தன. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது.

கூலியை எவ்வாறு கணக்கிடுவது? 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு வழி வகுத்தது. தொழிலாளி, மனைவி, இரு குழந்தைகள் ஆகிய நால்வரும் மூன்று நுகர்வு அலகுகள். அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 18 கெஜம் துணி. அதன்மேல் வாடகை, விறகு, விளக்கு. அந்தக் கலோரிக் கணக்கு, குன்னூர் உணவாய்வுக் கூடத்தின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டினுடையது. நீலகிரிக் குளிரில் ஒரு விஞ்ஞானி போட்ட கணக்கு என் அண்ணனின் சம்பளத்திற்கு அளவுகோலாயிற்று என்பதை அறிந்து வியந்தேன். குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றிற்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆனால் பெற்றோருக்கு அந்த மூன்று அலகுகளில் இடமில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் பாட்டியும் எந்த அலகில் உண்பது?

இனி விலைக்கு வருவோம். ஒரு தட்டு இட்டிலி நாற்பது ரூபாய் எனக் கொள்வோம். அதில் கூலியின் பங்கு நாலில் ஒன்று, அதாவது பத்து ரூபாய், என்று வைத்துக்கொள்வோம். கூலி பத்து விழுக்காடு உயர்ந்தால் இட்டிலியின் அடக்கவிலை ஒரு ரூபாய் ஏறும். மாவு ஆலையிலும் லாரியிலும் கூலி உயரும் என்று சேர்த்துக்கொண்டாலும், அந்த ஒரு ரூபாய் இரண்டாகலாம், பத்தாகாது.

இதனை மெய்யாகவே அளந்தவர்கள் உளர். அமெரிக்காவில் 1992 ஏப்ரல் முதல் நாள் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்திற்று. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இருவர் எல்லையின் இருபுறமும் 410 உணவகங்களை, உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். வேலையிழப்பை அவர்கள் காணவில்லை. கூலி ஏறத்தாழ 19 விழுக்காடு உயர, சாப்பாட்டு விலை நாலு விழுக்காடளவே கூடியது. இம்முடிவை மறுத்தவர்களும் உண்டு. வழக்கு இன்னும் ஓயவில்லை. எனினும் கார்டுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எனக்கும் ஒரு பென்சில்வேனியா உண்டு: மாரிகுப்பத்தில் என் அத்தையின் இட்டிலிக் கடை. அங்கே கூலியாள் எவருமில்லை. மாவரைப்பதும் ஊற்றுவதும் பரிமாறுவதும் அத்தையே. கூலிச் சட்டம் அவ்வாசலை மிதிக்க வழியில்லை. ஆயினும் அங்கும் விலை ஏறியிருக்கிறது! "உளுந்து விலையைப் பார்த்தாயா, காஸ் விலையைப் பார்த்தாயா?" என்பது அத்தையின் விடை. பெரிய கடைகள் ஏற்றியதைப் பார்த்து ஏற்றினீர்களா என்று கேட்டேன். "அதுவுந்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆகவே இது தூய சோதனையன்று.

பாலும் அப்படியே. கர்நாடகத்தில் நந்தினி பால் லிட்டருக்கு 2023 ஆகஸ்டில் மூன்று ரூபாயும், 2025 ஏப்ரல் முதல் நாளில் நாலு ரூபாயும் ஏறிற்று. அம்மாநிலத்தில் தொழிலாளரின் அகவிலைப்படி திருத்தப்பட்டு வந்ததும் அதே ஏப்ரல் முதல் நாளில்தான்! அப்படியாவது என்ன? நுகர்வோர் விலைக் குறியீடு சென்ற ஆண்டு ஏறியதற்காக இவ்வாண்டு தருவது. அதாவது விலை முன்னே ஓடிற்று. கூலி பின்னே மூச்சிரைக்க வந்தது. பின்னே வந்தவனைப் பிடித்து, நீயே வழிகாட்டி என்றால் எப்படி?

ஆயினும் முதலாளிகள் எல்லாரையும் கள்வர் என்று கூற மாட்டேன். பெங்களூரில் கடை வாடகை கழுத்தை நெரிக்கிறது என்பதை அண்ணனே சொல்கிறார். வாடகை ஏறியது என்று பலகை எழுதினால் கட்டடக்காரர் சினப்பார். கூலி என்று எழுதினால் சினப்பவர் எவருமில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் வேறொன்று. நம் மாணவர் விடுதி உணவுக்கூடத்தில் சமையல்காரர், பாத்திரம் துலக்குவோர் என எண்மர் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுப்பது பற்றி உணவுக் குழு முடிவு செய்யவிருக்கிறது. உணவுக் கட்டணம் தாங்காது என்று பலர் எதிர்க்கின்றனர். இங்கே முதலாளிகள் நாம்தாம், நண்பர்களே! எட்டு ஆயிரத்தைந்நூறு பன்னீராயிரம். உண்போர் இருநூறு பேர். தலைக்கு மாதம் அறுபது ரூபாய், நாளொன்றுக்கு இரண்டு. எனக்கு அது சிறு தொகையன்று. அண்ணன் அனுப்பும் பணத்திலிருந்தே அதையும் கொடுக்க வேண்டும். ஆயினும் கொடுப்பேன். இக்கணக்கை ஒரு தாளில் எழுதி உணவுக்கூடத்து வாசலில் ஒட்டியிருக்கிறேன். பிழையிருப்பின் அதன்மேலேயே திருத்துங்கள். கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு.