நீலகிரி மொழித்தரவுகளும் பிற இயங்குதளச் செயலிகளும்: வைன் இசைவு அடுக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட களமொழியியல் செயலிகளை லினக்ஸில் இயக்குவதன்வழி நீலகிரி மொழிகளின் பழைய தரவுகளை மீட்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. செயலி இயங்குவது வேறு; தரவு பிழைத்திருப்பது வேறு. இசைவு அடுக்கு தரவை வெளிக்கொணரும் வழியேயன்றி அதன் நிலையான இருப்பிடம் ஆகாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நீலகிரி மொழிகள், தோடா, இயங்குதளம், வைன், குறியேற்றம், ஒருங்குறி.

முன்னுரை

தோடா, கோத்தா, படகா, இருளா முதலிய திராவிட மொழிகள் நீலகிரியில் வழங்குகின்றன. இவற்றுள் தோடாவையும் கோத்தாவையும் மிக மோசமாக அழிவை எதிர்நோக்கும் மொழிகளாக யுனெஸ்கோவின் மொழி வரைபடம் குறிக்கிறது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த எமனோ தம் குறிப்புகளைத் தாளில் எழுதினார். அவற்றைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். கணினியில் தொகுக்கப்பட்ட தரவுக்கோ செயலி, எழுத்துரு, இயங்குதளம் ஆகிய மூன்றும் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. அதையொட்டித் தமிழக அரசு அலுவலகங்கள் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸுக்கு மாற அறிவுறுத்தப்பட்டன. இத்தகைய மாற்றங்களின்போது பழைய தரவுகளின் நிலை என்ன என்னும் வினா எழுகிறது.

1. தரவின் இயல்பு

களமொழியியலாளர் பரவலாகக் கையாண்ட செயலிகளுள் ஒன்று எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் டூல்பாக்ஸ். இது விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. எனினும் இதன் அகராதிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பே. தலைச்சொல், சொல்வகை, பொருள் ஆகிய ஒவ்வொன்றும் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் குறியொன்றால் சுட்டப்பெறும். ஆகவே செயலி இன்றியும் கோப்பைத் திறக்க இயலும். ஆனால், தொடரின் கீழ் உருபன் பகுப்பையும் பொருளையும் வரிவரியாக அமைக்கும் பனுவல்களில், நெடுவரிசைகள் இடைவெளிகளால் மட்டுமே ஒழுங்கு பெறுகின்றன. அவ்வொழுங்கைச் சரிபார்க்கவும் அகராதியோடு ஒப்பிடவும் மூலச் செயலியே தேவைப்படுகிறது.

2. இசைவு அடுக்கின் செயற்பாடு

ஓர் இயங்குதளச் செயலியை மற்றொன்றில் இயக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, மெய்நிகர் எந்திரத்தில் விண்டோஸையே முழுமையாக நிறுவுதல். இதற்கு விண்டோஸ் உரிமமும் மிகுதியான நினைவகமும் வேண்டும். மற்றொன்று வைன். 1993இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் 1.0 பதிப்பு 2008இல் வெளிவந்தது. இது கணினியைப் போலி செய்வதில்லை. செயலி விண்டோஸை நோக்கி விடுக்கும் வேண்டுகோள்களை ஏற்று, லினக்ஸ் அறிந்த வேண்டுகோள்களாக மாற்றித் தருகிறது. ‘சி’ இயக்ககம் என்று செயலி கருதுவது, பயனரின் கோப்பகத்தினுள் உள்ள ஓர் அடைவே. ஆதலின் குறைந்த திறனுடைய பழைய கணினியிலும் டூல்பாக்ஸ் போன்ற சிறு செயலியை இயக்க முடிகிறது.

3. குறியேற்றச் சிக்கல்

செயலி திறந்துகொண்டதும் பணி முடிந்ததாகக் கருதுதல் பொருந்தாது. ஒருங்குறிக்கு முந்தைய ஒலிப்பெழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் ஒலிக்குறிகளை அடக்கின. ஓர் எண் எவ்வொலியைக் குறிக்கும் என்பது எழுத்துருவையே சார்ந்தது. வைன் அவ்வெழுத்துருவைத் தானாகக் கொண்டுவருவதில்லை. அது நிறுவப்படாவிடின் திரையில் தோன்றுவன தொடர்பற்ற எழுத்துகளே.

தோடாவில் இதன் விளைவு கடுமையானது. ஸ்பாயிச், லடிஃபோகிட், பாஸ்கரராவ் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு ஆய்வு, அம்மொழியில் பிறப்பிடத்தால் வேறுபடும் மூன்று ஆடொலிகள் இருப்பதையும், அவை ஒவ்வொன்றும் அண்ணச்சாயல் பெற்றும் பெறாதும் வருவதையும் காட்டியது. மாற்று அட்டவணை இவற்றுள் இரண்டை ஒரே குறியாக்கிவிட்டால், மாற்றிய கோப்பைக் கொண்டு அவ்வேறுபாட்டை மீட்க இயலாது.

தமிழ்ப் பொருள்விளக்கங்களிலும் இச்சிக்கல் உண்டு. 1999இல் வகுக்கப்பட்ட டாப் குறியேற்றத்தில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையில் அமைகிறது. ஒருங்குறியில் ககரமும் அதனைத் தொடரும் ஒகரக் குறியுமாக அமைகிறது. எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் முன்னரே தொகுக்கப்பட்ட தரவுகள் தாமாக மாறிவிடுவதில்லை.

4. பாலத்தின் நிலையாமை

இசைவு அடுக்கும் தான் நிற்கும் தளத்தைச் சார்ந்ததே. 2019இல் வெளிவந்த மேக் இயங்குதளமான கேட்டலினா 32 பிட் செயலிகளுக்கான ஆதரவை நீக்கியது. அதுவரை அங்கு வைன்வழி இயங்கிய 32 பிட் விண்டோஸ் செயலிகள் வழக்கமான முறையில் இயங்காமற்போயின. மாற்று வழிகள் பின்னர் உருவாயின எனினும், அவை உருவாகும் வரை தரவு காத்திருக்க நேர்ந்தது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு:

1. வைன்வழி மூலச் செயலியை இயக்கி, உரிய எழுத்துருவோடு தரவைக் காணுதல் மீட்புப் பணியின் முதற்படி.

2. ஒருங்குறிக்கு மாற்றுமுன், கோப்பிலுள்ள குறிகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒலிப்பதிவு இருப்பின் அதனோடு ஒப்பிட்டு, அம்மொழி பேசுவோரிடம் சரிபார்க்கவேண்டும்.

3. மூலக் கோப்பு, எழுத்துரு, மாற்று அட்டவணை ஆகிய மூன்றையும் ஒருங்கே பேணவேண்டும். பின்னாளில் பிழை கண்டறியப்பட்டால் திருத்துவதற்கு இவையே துணை.

செயலி பழுதுற்றால் வேறொன்றை எழுதிக்கொள்ளலாம். தோடா முதியவர் ஒருவர் ஒலித்துக் காட்டிய வேறுபாடு கோப்பில் அழிந்துவிட்டால், அதனை மீண்டும் கேட்டறியும் வாய்ப்பு ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.