ஸ்டெல்லாவின் பொய்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கட்டுரை வந்தது. டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் பிளான்ச் மாயையில் வாழ்கிறாள், ஸ்டான்லி நிஜத்தில் வாழ்கிறான், நிஜம் வெல்கிறது என்று எழுதியிருக்கிறாய். தேர்வு வழிகாட்டிகள் காலங்காலமாக ஒப்பிக்கும் பாடம் இது. நீயும் அதையே எழுதலாமா?

கடைசிக் காட்சியில் பிளான்ச்சை விட்டுவிட்டு, அவள் தங்கையும் ஸ்டான்லியின் மனைவியுமான ஸ்டெல்லாவைக் கவனி. அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த இரவில், வீட்டில் ஸ்டான்லி அவளுடைய அக்காவைப் பலாத்காரம் செய்கிறான். அக்காவே அதைச் சொல்லிவிட்டாள். நம்பினால் இவனோடு குடித்தனம் நடத்த முடியாது என்று மாடிவீட்டு யூனிஸிடம் ஸ்டெல்லா வாய்விட்டுச் சொல்கிறாள். நம்பாதே, பிழைப்பைப் பார் என்கிறாள் யூனிஸ். அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பிளான்ச் வயதை மறைத்தாள், தன்னை விரும்பிய மிட்சை ஏமாற்றினாள், வாஸ்தவம்தான். ஆனால் தங்கையின் பொய் நிலைக்க அக்கா மனநல மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறதே! நாடகத்திலேயே பெரிய மாயை இதுதான்.

இதைத் திறனாய்வாளர்களைவிடத் தணிக்கைக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பது என் நெடுநாள் எண்ணம். 1947இல் நியூயார்க் மேடையில் எலியா கசான் இயக்கியபோது ஸ்டெல்லா கணவனோடு இருந்துவிடுகிறாள். அவரே இயக்கிய 1951 படத்தில், இனித் திரும்ப மாட்டேன் என்று குழந்தையோடு மாடியேறுகிறாள். குற்றவாளிக்குத் தண்டனை இல்லாமல் படம் முடியக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் விதி. ஸ்டெல்லா தங்கிவிடுவதில்தான் நெருப்பு இருக்கிறது என்று தணிக்கைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்சனின் 'காட்டு வாத்து' படித்திருக்கிறாயா? வாழ்வதற்கு மனிதர்களுக்குப் பொய் தேவை என்று நம்பும் டாக்டர் ரெல்லிங் அதில் வருவார். ஸ்டெல்லாவுக்கு அப்படியொரு வைத்தியர்கூடத் தேவைப்படவில்லை.

ஆசையைப் பற்றியும் அவசரப்பட்டுவிட்டாய். சீட்டாட்ட இரவில் கர்ப்பிணியான தன்னை அடித்தவன் கீழே நின்று கதறியதும் ஸ்டெல்லா இறங்கி வருகிறாளே, அந்த ஆசையும் பிளான்ச்சை ஊரைவிட்டுத் துரத்திய ஆசையும் வேறு வேறா? ஒருத்திக்குத் தாலியும் வீடும் இருந்தன, மற்றவளுக்கு இல்லை.

இன்னொன்று. பிளான்ச்சின் கணவன் சுட்டுக்கொண்டு செத்த இரவில் ஒலித்த போல்கா இசை அவளுக்கு மறுபடி மறுபடி கேட்கிறது. பக்கத்தில் நிற்கும் மிட்சுக்குக் கேட்கவில்லை, நமக்குக் கேட்கிறது. டென்னசி வில்லியம்ஸ் நம்மை அவளுடைய செவிக்குள் உட்காரவைக்கிறார். பைத்தியம் என்று ஒதுக்கவா இத்தனை பாடுபட்டார்?

மூன்றாம் காட்சியையும் பதினொன்றாம் காட்சியையும் ஒரே மூச்சில் படி. பிறகு உன் முடிவுரையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்