பால் நாளங்கள்: தேக்கம் அல்ல, பாதை

மேல்நிலை வகுப்பில் மனித இனப்பெருக்கப் பாடம் வரும்போது, பால் சுரப்பிப் பகுதியை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கடந்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். பேறுகாலத்தில் தாயாக வந்து துணைநின்றவர் என்று இறைவனைத் தாயுமானவராக மலைக்கோட்டையில் வணங்கும் ஊர் நம் திருச்சி. இங்கு இப்பாடத்துக்குக் கூச்சம் எதற்கு?

அமைப்பு

பால், திராட்சைக் கொத்துப் போன்ற நுண்குழிகளில் உருவாகிறது. நுண்குழிகள் சேர்ந்து நுண்மடல். நுண்மடல்கள் சேர்ந்து மடல். மடலின் சிறு குழல்கள் இணைந்து பால் நாளமாகி, மார்புக்காம்பில் திறக்கின்றன.

இதை விளக்கக் காவிரி வரைபடம் போதும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிய, ஸ்ரீரங்கம் தீவாகிறது. கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வாய்க்கால்களாகக் கிளைக்கிறது. அப்படத்தில் அம்புக்குறிகளை மட்டும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வாய்க்கால்கள் கூடி ஆறாவதுபோலப் பால் நாளம் உருவாவது புரியும்.

ஆனால் இவ்வமைப்பில் மேட்டூர் அணை இல்லை. காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் பைகளைப் பழைய படங்கள் காட்டும். பாலூட்டும் தாய்மாரை அல்ட்ராசவுண்டு மூலம் ஆராய்ந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவில் அப்பைகள் தென்படவில்லை. நாளங்களும் நூல்கள் கூறும் 15–20 அல்ல, சராசரியாக 9. தேர்வில் பாடநூலில் உள்ளதை எழுதட்டும்; அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதையும் அறியட்டும்.

செயல்

குழந்தை சப்பும்போது நரம்புத் தூண்டல் மூளையை அடைகிறது. பிட்யூட்டரியின் முன்கதுப்பு சுரக்கும் புரோலாக்டின் பாலை உருவாக்குகிறது. பின்கதுப்பு வெளிவிடும் ஆக்சிடோசின், நுண்குழிகளைச் சுற்றியுள்ள தசை எபிதீலியச் செல்களைச் சுருக்கிப் பாலை நாளத்துக்குள் தள்ளுகிறது. வலியும் அச்சமும் இதைத் தடுக்கும்.

ஏன் நடத்த வேண்டும்?

"பால் பத்தவில்லை" என்று முதல் வாரத்திலேயே புட்டிப்பால் கொடுத்தால், குழந்தை சப்புவது குறையும், சுரப்பும் குறையும். மார்பகத்தின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது கொழுப்பு. அதைக்கொண்டு பால் சுரப்பைக் கணிக்க முடியாது. நாளைய தாய்க்கு மட்டுமல்ல, அவளுக்குத் துணைநிற்க வேண்டிய நாளைய தந்தைக்கும் இது தெரிய வேண்டும். திருச்சி அரசு மருத்துவமனையில் இயங்கும் தாய்ப்பால் வங்கி பற்றியும் கூறலாம்.

மதிப்பீடு

1. பால் நாளத்தின் பணி யாது?
2. புரோலாக்டின், ஆக்சிடோசின் – வேறுபடுத்துக.
3. அடிக்கடி பாலூட்டினால் சுரப்பு கூடுவது ஏன்?