உப்பு பறந்து போகாது

மும்பை கிராஃபர்டு மார்க்கெட்டில் கடல் மீனும் உப்புப் பொட்டலமும் வாங்கி தேவ்நார் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. தொட்டிமேல் கண்ணாடி போடலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். அடிக்கடி காதில் விழுகிற ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: திறந்து வைத்தால் உப்பும் சேர்ந்து ஆவியாகும். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரே ஊற்ற வேண்டும்.

உண்மை: தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பளப் பாத்தியில் வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகிறது, உப்பு அங்கேயே கிடக்கிறது. தொட்டியும் ஒரு சின்னப் பாத்திதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 100 லிட்டரில் மூன்றரைக் கிலோ. தினம் 1 லிட்டர் குறைந்து, அதற்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தால் 20 நாளில் 700 கிராம் கூடி, லிட்டருக்கு 42 கிராம் ஆகிவிடும். ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை பிறந்திருக்கும். அது குமிழி வெடித்துத் தெறித்த துளி காய்ந்தது.

நம்பிக்கை 2: மும்பை வெயிலுக்கு மூடி நல்லது, சூடு உள்ளே போகாது.

உண்மை: நேர் எதிர். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசிந்து ஆவியாகித்தானே. 1 லிட்டர் ஆவியாவதற்கு இழுக்கும் வெப்பம், கணக்குப்படி 100 லிட்டரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கும். அறைச் சூடு திரும்பச் சேர்வதால் முழுப் பலன் கிடைக்காது, ஆனாலும் கணிசம். கண்ணாடி போட்டால் அந்த வழி அடைபட்டு, பம்பின் சூடும் உள்ளேயே தங்கும். ஜூலையில் காற்றே ஈரமாக இருப்பதால் திறந்த தொட்டிக்கு ஃபேன் வைத்தாலும் பலன் குறைவு. அப்போது ஏசியோ தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோதான் கைகொடுக்கும்.

நம்பிக்கை 3: கண்ணாடி போட்டால் மீன் மூச்சுத் திணறிவிடும்.

உண்மை: பாதி சரி. ஆக்சிஜன் உள்ளே வருவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் பெரும்பாலும் நீர்ப்பரப்பில்தான். இடைவெளி விட்டு மூடி, பம்ப் மேற்பரப்பை அலைக்கழித்துக்கொண்டிருந்தால் ஆபத்தில்லை. இறுக மூடினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி பி.ஹெச். இறங்கும். கரண்ட் போனால் முதலில் மூடியை எடுங்கள்.

நம்பிக்கை 4: குதிப்பதெல்லாம் நன்னீர் மீன், கடல் மீன் குதிக்காது.

உண்மை: கோபி, ராஸ், ஃபயர்ஃபிஷ் மூன்றுமே குதிப்பதற்குப் பேர்போனவை. இரவில் திடீரென்று லைட் போட்டால் போதும், காலையில் சோஃபாவுக்குப் பின்னால் கருவாடு. “வெளிநாட்டு வீடியோவில் யாரும் மூடுவதில்லையே” என்பார்கள். அவர்கள் பவளம் வளர்க்கிறார்கள், உப்பு படிந்த கண்ணாடி அதற்கு வெளிச்சத்தை மறைக்கும். இங்கே கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, வீட்டுத் தொட்டிக்கு ஆகாதவை. மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

நம்பிக்கை 5: குப்பைமேட்டுப் புகைக்கு மூடிதான் பாதுகாப்பு.

உண்மை: தேவ்நாரில் 1927 முதல் குப்பை கொட்டுகிறார்கள். 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது சுற்றுவட்டாரமே புகையில் மூழ்கியது. மூடி தூசியைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. ஏர் பம்பும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அறைக் காற்றைக் குழாய் வழியே நேராகத் தண்ணீருக்குள் இழுக்கின்றன. புகை நாளில் அடைக்க வேண்டியது ஜன்னலை.

அப்படியானால் என்ன செய்வது? பிளாஸ்டிக் சட்டத்தில் நைலான் வலை கட்டிப் போடுங்கள். காற்றும் ஆவியும் போகும், மீன் போகாது. இரும்பும் அலுமினியமும் வேண்டாம், உப்பு தின்றுவிடும். தொட்டியின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருந்தால் கோடு அதில். தினம் காலையில் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர். மேலே வலையோ கண்ணாடியோ, கோடு தவறக்கூடாது.