ஒரு சிரிப்பு, ஓர் உண்மை

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக. பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

நானும் அக்காவும் தைப்பிங் இரயில் நிலையத்தில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா கையில் மூன்று குடைகளுடன் காத்திருந்தார்.

“மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையேதான் ஓடியது. அன்று முதல் இன்றுவரை இந்த ஊருக்குத் தாமதமில்லாமல் வருவது மழை மட்டும்தான்!” என்றார்.

அப்பா இரயில்வேயில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்த நகைச்சுவையை நாங்கள் நூறு முறையாவது கேட்டிருப்போம். ஆயினும், அன்றும் சிரித்தோம்.

அம்மா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அக்கா கோலாலம்பூரில் தாதியாக இருக்கிறார். நான் பினாங்கில் வேலை செய்கிறேன். அப்பா மட்டும் அந்தப் பழைய வீட்டில் தனியாக வாழ்கிறார். அவரை எப்படியாவது கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்ற முடிவோடுதான் நாங்கள் வந்திருந்தோம்.

மதிய உணவுக்கு அப்பாவே சாம்பார் வைத்திருந்தார். ஒரு வாய் உண்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“உப்புக் கூடிவிட்டது என்று சொல்லாதீர்கள். உப்பு சரிதான், சாம்பார்தான் குறைந்துவிட்டது,” என்றார் அப்பா.

அக்கா சிரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். “அப்பா, இனிமேல் நீங்கள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.”

“உன் வீடு பதினெட்டாவது மாடியில் அல்லவா இருக்கிறது? போன முறை வந்தபோது மின்தூக்கியில் ஏறினேன். உள்ளே பத்துப் பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘யார் வீட்டில் துக்கம்?’ என்று மெதுவாகக் கேட்டேன். அதற்கும் பதிலில்லை!”

எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், இம்முறை அக்கா சிரிக்கவில்லை.

“விளையாட்டு போதும், அப்பா. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தீர்களாமே? பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.”

“விழுந்தவனும் நான்தான், எழுந்தவனும் நான்தான். இடையில் உங்களுக்கு எதற்குத் தொல்லை?”

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுக்கூரையில் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது. அப்பா சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

“உங்கள் அம்மா போனபின் இந்த வீடே அமைதியாகிவிட்டது. நானும் வலியையும் தனிமையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் கவலையோடு வந்து கவலையோடு திரும்புவீர்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வரும் வீடாக இது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான், அம்மா,” என்றார்.

அக்காவின் கண்கள் கலங்கின. நான் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டேன். “நீங்கள் எங்களைச் சிரிக்க வைப்பது எங்களுக்குப் பிடிக்கும், அப்பா. ஆனால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நீங்கள் மறைந்துகொள்ளக்கூடாது,” என்றேன்.

நீண்ட நேரம் பேசினோம். அப்பா இப்போதைக்குத் தைப்பிங்கிலேயே இருப்பார். ஆனால், குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும். நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு எங்களிடம் தொலைபேசியில் பேச வேண்டும். ஒரு நகைச்சுவை சொன்னால், கூடவே ஓர் உண்மையும் சொல்ல வேண்டும். அப்பா மூன்றுக்கும் சம்மதித்தார்.

அடுத்த வாரம் ஒருநாள், சரியாக எட்டு மணிக்கு அழைப்பு வந்தது.

“முதலில் உண்மை. இன்று முழங்கால் வலி கொஞ்சம் அதிகம். நாளை கிளினிக்குக்குப் போகிறேன்.”

“சரி, அப்பா. நகைச்சுவை?”

“கம்பி பொருத்த வந்தவர் இன்று குளியலறையில் வழுக்கிவிட்டார். அவர் பொருத்திய கம்பியைப் பிடித்துத்தான் தப்பித்தார்!”

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அன்று என் மனத்தில் கவலை இல்லை.

அறிந்துகொள்வோம்

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவது ‘நகை’. துன்பம் வரும்போது மனம் தளராமல் நகைக்க வேண்டும் என்று திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ எனும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார்.

சிந்தித்து விடை கூறுக

1. அப்பா தாம் விழுந்ததை மகள்களிடம் ஏன் மறைத்தார்?
2. ‘சிரிப்புக்குப் பின்னால் மறைந்துகொள்ளுதல்’ என்பதன் பொருளை உமது சொந்த நடையில் விளக்குக.
3. மகள்கள் அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டுமா? உமது கருத்தைக் காரணத்துடன் கூறுக.