புதிய வீடுகளுக்கு ஊக்க மானியம்: இங்கிலாந்தின் பதினைந்தாண்டு அனுபவம்

ஓர் ஊரில் புதிய குடியிருப்புகள் எழும்பும்போது அவ்வூரின் உள்ளாட்சி மன்றத்துக்குப் புதிய செலவுகளும் உடன் வருகின்றன. பள்ளியில் இடம் போதாமற் போகிறது. குப்பை வண்டிகள் மேலும் பல தெருக்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. சாலையில் நெரிசல் மிகுகிறது. இத்தொல்லைகளை ஏற்பவர்கள் ஏற்கெனவே அங்கு வாழ்ந்து வாக்களிப்பவர்கள். பயன் பெறுவோரோ இனிமேல்தான் குடிவர இருப்பவர்கள். அவர்களுக்கு அவ்வூரில் இன்னும் வாக்கு இல்லை. ஆகவே, நாடு முழுவதற்கும் வீடுகள் தேவை என்பதை ஒப்புக்கொள்ளும் மன்ற உறுப்பினர்கூடத் தம் வட்டாரத்தில் திட்ட அனுமதி வழங்கத் தயங்குவது இயல்பே.

இத்தயக்கத்தைப் போக்க அரசுகளிடம் இரு வழிகள் உண்டு. இத்தனை வீடுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மேலிருந்து இலக்கு விதிப்பது ஒன்று. அனுமதிக்கும் ஊருக்குப் பணம் தருவது மற்றொன்று. இங்கிலாந்து 2010இல் முதல் வழியைக் கைவிட்டு இரண்டாவது வழிக்கு மாறியது. அவ்வாண்டு பதவியேற்ற கூட்டணி அரசு, வட்டார வீட்டு இலக்குகளை நீக்க முற்பட்டது. முந்தைய அரசு நடத்திவந்த வீட்டுவசதி, திட்டமிடல் ஊக்க மானியத்தையும் நிறுத்தியது. அவற்றின் இடத்தில் 2011 ஏப்ரலில் ‘புதிய வீடுகள் ஊக்கத்தொகை’ நடைமுறைக்கு வந்தது. அதற்கு 2025–26 நிதியாண்டே இறுதி ஆண்டு என்று அரசு அறிவித்தது. அது கைவிடப்பட்ட காரணங்களை ஆராய்வது, நிபந்தனை மானியங்களை வகுக்கும் நம் அலுவலர்களுக்கும் பயன்படும்.

கணக்கிடும் முறை

இங்கிலாந்தில் குடியிருப்பு வீடுகள்மீது உள்ளாட்சி மன்றங்கள் விதிப்பது கவுன்சில் வரி. ஒவ்வொரு வீடும், 1991ஆம் ஆண்டில் அதற்கு இருந்திருக்கக்கூடிய மதிப்பைக் கொண்டு, ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டுப் பிரிவுகளுள் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. ஓர் ஊரில் வரி அடிப்படை விரிந்தால், மத்திய அரசின் பொது மானியம் அதற்கேற்பக் குறைக்கப்பட்டுவந்தது. எனவே வீடு கட்ட அனுமதித்த மன்றத்துக்கு வரி வருவாயால் மிஞ்சியது சொற்பமே. ஊக்கத்தொகை இக்குறையை ஈடுசெய்யும் என்பதே அதன் பின்னிருந்த வாதம். அவ்வாதத்தில் நியாயமும் இருந்தது.

ஊரில் நிகரமாகக் கூடும் ஒவ்வொரு வீட்டுக்கும், அவ்வரிப் பிரிவின் தேசியச் சராசரி வரிக்குச் சமமான தொகை ஆண்டுதோறும் ஆறு ஆண்டுகளுக்குத் தரப்பட்டது. நெடுநாள் பூட்டிக் கிடந்து மீண்டும் குடியேறப்பட்ட வீடுகளும் கணக்கில் சேர்ந்தன. குறைந்த வருவாயினர்க்கான வீடு எனில் ஆண்டுக்கு 350 பவுன் கூடுதல். தொடக்கத்தில் ‘டி’ பிரிவின் சராசரி வரி 1,439 பவுன். அப்பிரிவில் 500 வீடுகள் எழும்பிய ஊருக்கு ஆண்டுக்கு 7,19,500 பவுன் என்று கொள்ளலாம். மாவட்ட மன்றமும் அதற்கு மேல் கௌண்டி மன்றமும் உள்ள இடங்களில் 80 விழுக்காடு மாவட்டத்துக்கும் 20 விழுக்காடு கௌண்டிக்கும் சென்றன. செலவிடுவதில் கட்டுப்பாடு எதுவுமில்லை; பூங்கா அமைக்கலாம், வரியை உயர்த்தாமல் இருக்கலாம், பற்றாக்குறையை நிரப்பலாம்.

முதலாண்டில் வழங்கப்பட்டது ஏறத்தாழ 20 கோடி பவுன். ஆண்டுக்கொரு தவணை மேல் தவணை ஏறியதால், ஆறாம் ஆண்டான 2016–17இல் தொகை 140 கோடி பவுனைத் தாண்டியது.

பணம் வந்த வழி

திட்டத்தின் முதன்மையான பலவீனம் இங்கேதான் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு 20 முதல் 25 கோடி பவுன் வரை மட்டுமே இதற்கெனத் தனியே ஒதுக்கப்பட்டது. எஞ்சியது, எல்லா உள்ளாட்சி மன்றங்களுக்கும் உரிய பொது மானியத்திலிருந்து கழித்து எடுக்கப்பட்டது. அதாவது, ஒரு மன்றம் பெற்ற வெகுமதியின் பெரும்பகுதி மற்றொரு மன்றத்தின் இழப்பு. சராசரி வேகத்தில் வீடு கட்டிய ஊர், தன்னிடமிருந்து கழிக்கப்பட்டதைத் திரும்பப் பெற்றது, அவ்வளவே.

பின்தங்கிய ஊர்கள் யாவும் வீடுகளை வெறுத்த ஊர்கள் என்று கொள்வதும் தவறு. தொழில் நலிந்த வடபகுதி நகரங்கள் பலவற்றில் அனுமதி தர மன்றம் ஆயத்தமாக இருந்தும், கட்டி விற்க நிறுவனங்கள் முன்வரவில்லை, வாங்குவோர் குறைவு. அந்நகரங்களின் ஏழை மக்களுக்கான சேவைகளுக்கு உரிய மானியம் சுருங்கியது. மேலும் ‘எச்’ பிரிவு வீட்டின் வரி ‘ஏ’ பிரிவு வீட்டினுடையதைப் போல் மூன்று மடங்கு. ஆகவே செல்வர்க்கான ஒரு மாளிகை, எளியோர்க்கான ஒரு சிறு வீட்டைவிடப் பன்மடங்கு ஊக்கத்தொகையை ஈட்டியது. 350 பவுன் கூடுதல் தொகை இவ்வேற்றுமையைச் சரிசெய்யப் போதுமானதன்று. எனினும் பயன் முழுவதும் வளமான ஊர்களுக்கே சென்றது என்றும் கூறிவிட முடியாது. வறுமை மிகுந்த லண்டன் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி, அங்கு நடந்த பெருமளவு கட்டுமானத்தால், மிகுதியாகப் பெற்றவற்றுள் ஒன்று.

2013 மார்ச்சில் தேசியத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. பத்தாண்டுகளில் 1,40,000 வீடுகள் கூடுதலாக எழும்பும் என்ற துறையின் மதிப்பீட்டில் கணக்குப் பிழை இருப்பதையும், அதைத் திருத்தினால் எண்ணிக்கை 1,08,000ஆகக் குறைவதையும் அது சுட்டிக்காட்டியது. மன்றங்களின் போக்கை ஊக்கத்தொகை மாற்றியது என்பதற்கு அதுவரை போதிய சான்று இல்லை என்றும் கூறியது. எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய வீட்டுக்கும் ஊக்கத்தொகையால் கட்டப்பட்ட வீட்டுக்கும் இத்திட்டம் வேறுபாடு காணவில்லை. இரண்டுக்கும் ஒரே தொகை.

தீர்மானிப்பவர் யார்?

இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. திட்ட அனுமதி என்பது நிலப் பயன்பாட்டின் தகுதியை வைத்து அளிக்கப்பட வேண்டிய முடிவு. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், நிதி சார்ந்த கூறுகளைப் பொருத்தமான அளவுக்குக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. ஆனால் மன்றத்துக்குப் பணம் கிடைக்கும் என்பதற்காக அனுமதி வழங்குதல் முறையன்று என்று அரசின் வழிகாட்டுதலே கூறியது. முடிவெடுப்பவரின் மனத்தை மாற்றுவதற்கென்று பணம். அப்பணத்தை நினைத்து முடிவெடுக்கக் கூடாது என்று விதி! நடைமுறையில் ஊக்கத்தொகையை நன்கு அறிந்தவர் மன்றத்தின் நிதி அலுவலரே. திட்ட அனுமதிக் குழுவும், எதிர்ப்புத் தெரிவித்த அண்டை வீட்டாரும் அதை உணர்ந்தது அரிது.

படிப்படியான குறைப்பு

திட்டம் ஒரே நாளில் நிறுத்தப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு ஆண்டுத் தவணை 2017–18இல் ஐந்தாகவும், மறு ஆண்டில் நான்காகவும் குறைந்தது. ஊரின் மொத்த வீடுகளில் 0.4 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வளர்ச்சிக்கு மட்டுமே தொகை என்ற வரம்பு 2017–18இல் வந்தது. இயல்பான வளர்ச்சிக்கு வெகுமதி கூடாது என்பது இதன் நோக்கம். அவ்வாண்டு மிச்சமான சுமார் 24 கோடி பவுன், முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புக்கு மாற்றப்பட்டது. 2020–21 முதல் புதிதாகக் கணக்கில் வந்த வீடுகளுக்கு ஒரேயொரு ஆண்டின் தொகையே தரப்பட்டது. பழைய தவணைகளும் 2022–23உடன் தீர்ந்தன. அதன்பின் திட்டம் ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்பட்டுவந்தது. இந்த ஓராண்டு நீட்டிப்புகளே மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. ஒரு குடியிருப்புத் திட்டம் விண்ணப்பத்திலிருந்து குடியேற்றம் வரை செல்லப் பல ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத பணம் எந்த முடிவையும் தூண்டாது. ஆனால் வரவு-செலவுத் திட்டத்தில் அது ஒரு வரவாக நிலைபெற்றுவிடும். சிறிய மாவட்ட மன்றங்கள் பல, அன்றாடச் செலவுக்கே அதை நம்பியிருந்தன. ஊக்கம் போய்விட்டது, சார்பு மட்டும் எஞ்சியது.

இதற்கிடையே 2024 டிசம்பரில், ஊர்தோறும் வீட்டு இலக்குகள் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டன. 2010இல் கைவிடப்பட்ட வழிக்கே, வேறு வடிவில், அந்நாடு திரும்பியது எனலாம்.

நம் நாட்டில்

இந்தியாவில் இதற்கு நெருங்கிய முயற்சி, 2005 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம். நகர நில உச்சவரம்புச் சட்டத்தை நீக்குதல், வாடகைக் கட்டுப்பாட்டைச் சீரமைத்தல், முத்திரைத் தீர்வையை 5 விழுக்காட்டுக்குக் குறைத்தல், குடியிருப்புத் திட்டங்களில் 20 முதல் 25 விழுக்காடு நிலத்தை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்குதல் ஆகியவை அதன் சீர்திருத்தப் பட்டியலில் இருந்தன. இங்கிலாந்து கட்டி முடித்த வீட்டுக்குப் பணம் தந்தது. நாம் வாக்குறுதிக்கும் தந்தோம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதல் தவணையாக 25 விழுக்காடு விடுவிக்கப்பட்டது. மகாராஷ்டிரம் 2007இல் நில உச்சவரம்புச் சட்டத்தை நீக்கியது. மேற்கு வங்கம் நீக்கவில்லை. ஏழாண்டுத் திட்டம் 2014 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு முடிவடைந்தபோது, ஒப்புதல் பெற்ற வீட்டுப் பணிகள் பல எஞ்சியிருந்தன. அவற்றை முடிக்க மேலும் அவகாசம் தர வேண்டியதாயிற்று.

ஊருக்கு வெகுமதி என்ற முறையை நம் மாநிலங்களில் மீண்டும் வகுப்போர் எதிர்கொள்ள வேண்டிய வினா இங்கிலாந்தில் எழாத ஒன்று. அங்கே அனுமதி தருவதும், வரி தண்டுவதும், குப்பை அள்ளுவதும் பெரும்பாலும் ஒரே மன்றத்தின் பணிகள். டெல்லியிலோ நில வளர்ச்சியும் பெருந்திட்டமும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த டெல்லி வளர்ச்சி ஆணையத்திடம் உள்ளன. சொத்து வரி தண்டித் துப்புரவைக் கவனிப்பது மாநகராட்சி. வேறு பல பெருநகரங்களிலும் வளர்ச்சிக் குழுமங்கள் இவ்வாறே தனித்து நிற்கின்றன. மானியத்தை மாநகராட்சிக்கு அளித்தால் நிலத்தை ஒதுக்குபவரை அது அசைக்காது. வளர்ச்சி ஆணையத்துக்கு அளித்தால், புதிய குடியிருப்பின் துப்புரவுச் செலவு மாநகராட்சியின் தலையிலேயே நிற்கும்.